அடுப்பில் போட்ட உப்பு

மரக்காணத்து உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு உப்பைப் பற்றி யாரும் புதிதாக ஒன்றும் சொல்லித்தர முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா பாத்தியில் உப்பு வாரியவள். வரப்போரம் ஆள் உயரத்துக்கு உப்பு குவிந்து கிடக்கும். மாதா கோயிலுக்குப் போகும்போது சிந்திக் கிடப்பதை மிதித்துக்கொண்டுதான் போவோம்.

எழுபத்தொன்பதின் கடைசியில் எங்கள் சபை என்னைத் தாய்லாந்து எல்லையில் இருந்த கம்போடிய அகதி முகாமுக்கு நர்ஸ் வேலைக்கு அனுப்பியது. கிளம்பும் அன்று அம்மா ஒரு துணி முடிச்சைப் பெட்டிக்குள் திணித்தாள்.

"நம்ம உப்பும்மா. புள்ளைங்க எதுனா சோர்ந்து கெடந்தா மூணு சுத்து சுத்தி அடுப்புல போடு."

"கன்னியாஸ்திரி செய்யிற வேலையாம்மா இது?"

"உப்பு எந்த வேதம்னு யாரு கேக்கப் போறா? வச்சுக்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சண்டை போடாமல் வைத்துக்கொண்டேன்.

கம்போடியர்கள் பேசும் கமேர் மொழி ஒரே மாதத்தில் வந்துவிடும் என்று மற்ற சிஸ்டர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் ஐந்து வரைதான் தனித்தனி எண். ஆறுக்கு ஐந்தும் ஒன்றும், ஏழுக்கு ஐந்தும் இரண்டும். நாக்கு சுளுக்கிக்கொண்டது. காதில் விழுந்ததையெல்லாம் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதினேன். தண்ணீர், சோறு, வலி, உப்பு. 'கொன்றுவிட்டார்கள்' என்பதையும் முதல் வாரமே எழுதிவிட்டேன். அந்த வருஷம்தான் விழுந்த கொலைகார ஆட்சியில் உயிர் தப்பி வந்தவர்கள் அவர்கள்; யாருடைய குடும்பத்தை விசாரித்தாலும் பேச்சு அந்தச் சொல்லில்தான் வந்து நின்றது. அதை நான் ஒரு பாடமாக மனப்பாடம் செய்தேன் என்று நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நான் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிக் கொட்டகையில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது. தாய்க்கு இருபத்தைந்து வயதுகூட இராது. மிச்சமிருந்த ஒரே பிள்ளை அது. பொட்டலப் பொடியைக் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். மூன்றாம் நாள் காலையில் குழந்தை வாயைத் திறக்கவே இல்லை. தாய் என் முகத்தையே பார்த்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல என் நோட்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வாய் செய்ய முடியாததைக் கை செய்தது. அம்மாவின் முடிச்சை எடுத்து வந்தேன். ஒரு பிடி கல்லுப்பை அள்ளிக் குழந்தையை மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் போட்டேன். உப்பு படபடவென்று வெடித்தது.

அந்தப் பெண் பாய்ந்து போய் அடுப்புக்குள் கையை விட்டாள்.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். இடுப்பைப் பிடித்து இழுத்தேன், வர மறுத்தாள். தணலுக்குள் மறுபடியும் துழாவினாள். ஒருவழியாக இழுத்து உட்காரவைத்து, கையைத் தண்ணீரில் முக்கினேன். மூடிய விரல்களை விரிக்க மறுத்தாள்.

"உப்பு," என்றாள். எனக்காக மெதுவாகப் பேசினாள். "பசி. அவர்கள் சமையல்கட்டு. என் வீட்டுக்காரர் எடுத்தார். இவ்வளவு." இன்னொரு கையின் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். "கொன்றுவிட்டார்கள்."

நோட்டைப் பார்க்காமல் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் கமேர் பேச்சு அதுதான். நான் அடுப்பில் போட்டதும் அதே அளவுதான்.

கட்டுப் போட்டு முடித்ததும் அவள் அந்தக் கையாலேயே கரண்டியைப் பிடித்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். மதியம் வரை ஓயவில்லை. பிறகு அது ஒரு வாய் விழுங்கியது, இன்னொரு வாய் விழுங்கியது. இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டது.

அவர்கள் கொட்டகையை விட்டுப் போகும் நாளில் மீதி உப்பை முடிச்சோடு அவள் மடியில் வைத்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ சட்டென்று அதைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்:

"இதை நான் வைத்திருந்தால் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்களா?"