அரசன் கேட்ட கேள்வி

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு கேம், ஜப்பான்காரர்கள் செய்தது. காரோட்டும் ஆட்டத்தை எதிர்பார்த்திருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். அதில் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சு ஜப்பானிய மொழியில். அடியில் ஓடிய ஆங்கில வரிகளை நான் எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பாதிக்குமேல் புரியாது. அப்பா லீவு முடிந்து போனதும் அம்மா பெட்டியின்மேல் ஒரு துண்டைப் போர்த்திவைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, வலங்கைமான் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. எப்போதும் கணவரோடு பைக்கில் வருகிறவள், அன்று ஒரு பையோடு பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கி நடந்துவந்தாள். எத்தனை நாள் இருப்பாள் என்று அம்மாவோ தாத்தாவோ கேட்கவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. அத்தை காலேஜில் ஆங்கிலம் படித்தவள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் உட்காருவோம். நான் பொத்தானை அமுக்குவேன், அத்தை வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவாள். அரண்மனையை விட்டு ஓடிவந்த ஓர் இளவரசி, படகோட்டும் தோழியோடு நதிவழியே போகிற கதை. வெளியே வெண்ணாறு வெறும் மணலாகக் கிடந்தது. டிவிக்குள் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. மழை பெய்தால் இளவரசியின் முடி நெற்றியில் ஒட்டும். "துணி எப்படி நனையுதுன்னுகூட வரைஞ்சிருக்கான் பாரு" என்பாள் அத்தை. சண்டை போட விடாமல் கரையோரமாகவே நடத்திக்கொண்டு போகச் சொல்வாள்.

பாதிக் கதையில் அரசன் படையோடு வந்து மறித்தான். மகளைப் பார்த்து, அரண்மனைக்குத் திரும்பி வருகிறாயா என்று கேட்டான். கீழே ஆம், இல்லை என்று இரண்டு சொற்கள். அத்தை என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கி 'இல்லை'யை அமுக்கினாள். அரசன் பெருமூச்சு விட்டு அதே கேள்வியைக் கேட்டான். மறுபடியும் இல்லை. மறுபடியும் அதே கேள்வி.

"ஆம்னு குடுங்க அத்தை. அப்பதான் கதை மேல போகும்."

"அப்புறம் எதுக்குக் கேக்கறான்?"

கரன்ட் போகும்வரை அவள் விடவில்லை. மறுநாளும் அதே இடத்தில் அதே பிடிவாதம். பிறகு விளையாடவே வரவில்லை. நானே 'ஆம்' கொடுத்துத் தாண்டியிருக்கலாம்; அதற்குமேல் கதையை யார் சொல்வது? இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். "அவள விடு" என்றாள் அம்மா.

சில நாள் கழித்து ஒரு காலையில் அத்தையின் மாமனார், துணைக்கு ஒரு பெரியவரோடு காரில் வந்தார். அத்தையின் கணவர் வரவில்லை. பூவும் ஆப்பிளும் நிறைந்த தட்டை வைத்துவிட்டு மாமனார் பேசினார்.

"அவன் கை நீட்டினது தப்புதான். இனிமே நான் பொறுப்பு. கெளம்பும்மா."

"நான் வரலைங்க மாமா."

"ஆத்திரத்துல சொல்லாத. யோசிச்சு சொல்லு."

"யோசிச்சுட்டேங்க. வரலை."

கூட வந்த பெரியவர் ஊர் என்ன பேசும் என்பதை விளக்கினார். காபி வந்தது. மாமனார் அதையே வேறு வார்த்தைகளில் கேட்டார். அத்தை குரலை உயர்த்தாமல் பழைய பதிலையே சொன்னாள். கடைசியில் அவர் தாத்தா பக்கம் திரும்பி, "பெத்தவரு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

தாத்தா காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அதான் சொல்லிட்டாளே" என்றார்.

தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு ஆப்பிளில்தான் வருத்தம்.

அன்று மதியம் அத்தை தானாகவே வந்து உட்கார்ந்து, "போடு அத" என்றாள். அரசன் அங்கேயேதான் நின்றிருந்தான், கேட்டான்.

"ஆம்னு குடு."

நான் நம்பாமல் திரும்பிப் பார்த்தேன்.

"குடு. கதைதானே, என்ன ஆகுதுன்னு பாப்போம்."

அமுக்கினேன். அரண்மனைக் கதவுகள் திறந்தன. உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போயின. அத்தை அரசனுக்கு ஒரு குரலும் இளவரசிக்கு ஒரு குரலுமாக வைத்துக்கொண்டு, சிரிப்பு தாங்காமல் படித்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒருவழியாக என் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று சாயங்காலம் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.