மறுபடி ஆட்டிய மணல்

பிலோமின்ராஜை யாராவது அலட்சியக்காரர் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும். திருச்சியில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் மண் ஆய்வுக்கூடத்தில் அவர் அட்டெண்டர். நான் ஜெகபர் அலி, அதே கல்லூரியில் டைப்பிஸ்ட்.

லெக்சரர் சகாயநாதன் டாக்டர் பட்டத்துக்காக ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். மணற்சரிவில் ஆழமாக இறக்கிய அஸ்திவாரத் தூண், அதாவது பைல், பூகம்பம் வந்தால் என்ன ஆகும்? ஸ்ரீரங்கத்துக் காவிரி மணலைக் காயவைத்துச் சலிப்பது பிலோமின்ராஜ்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் அலுமினியக் குழாயைப் பைலாக நிறுத்தி, சுற்றிலும் ஒரே உயரத்திலிருந்து மணலைத் தூவிச் சரிவு கட்டுவார். முழு நாள் வேலை. மோட்டார் மேசையில் வைத்து ஒருமுறை ஆட்டியதும் அத்தனையையும் அள்ளிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்.

1979-இல் ஒருநாள் அவர் அள்ளவில்லை.

“பூகம்பம் ஒரு தடவையோட நின்னுடுமா சார்? மறுபடி வந்தா ஊர்ல யாரு மண்ணை அள்ளிட்டுப் புதுசா கொட்டுவா? இப்படியே இன்னொருக்கா ஆட்டிப் பாருங்க.”

“முதல் ஆட்டத்துலயே மண்ணு இறுகிடுச்சேய்யா. இனிமே என்ன ஆகப்போகுது?” என்றார் சகாயநாதன். ஆனாலும் சுவிட்சைப் போட்டார்.

பைல் சரிவுப் பக்கமாக இன்னும் சாய்ந்தது. மூன்றாவது, நான்காவது ஆட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே போனது. சகாயநாதன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “தீசிஸ்ல உன் பேரைப் போடுறேன்யா. டெக்னீஷியன் இன்டர்வியூல அதைக் காட்டு, வேலை உனக்குத்தான்.” பிலோமின்ராஜின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்ற மனுஷன் சகாயநாதன். பிலோமின்ராஜ் நம்பாமல் என்ன செய்வார்?

இரண்டு வருடம் கழித்து தீசிஸின் கையெழுத்துப் பிரதி டைப்புக்கு என்னிடம் வந்தது. பேர் இருந்தது. ‘அட்டெண்டர் பிலோமின்ராஜின் கவனக்குறைவால் மணல் மாற்றப்படாமல் கிடந்தது. அதைக் கண்ட ஆய்வாளர் மறுபடி ஆட்டிப் பார்க்கத் தீர்மானித்தார்’ என்று இங்கிலீஷில் இருந்தது. அடப்பாவி! யோசனையை எடுத்துக்கொண்டு பழியை இவர் தலையில் கட்டிவிட்டானே! ஆனாலும் லெக்சரரோடு நமக்கேன் வம்பு என்று ஒரு எழுத்து விடாமல் அடித்து முடித்தேன்.

சாயங்காலம் பிலோமின்ராஜ் வந்தார். “என் பேரு வந்திருக்கா பாய்?”

“வந்திருக்குங்க” என்றேன், மெஷினைப் பார்த்துக்கொண்டே. எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் சொல்லித் தொலைத்தேன்.

இன்டர்வியூவில் அந்தப் பக்கத்தை அவரே மேசைமேல் விரித்து வைத்தாராம். இங்கிலீஷில் அவருக்குத் தன் பேரை மட்டும்தான் படிக்கத் தெரியும். ஒருவர் வாய்விட்டுப் படித்து, தமிழிலும் சொல்லிவிட்டு, “இதைக் காட்டியா வேலை கேக்குறீங்க?” என்றாராம். மற்ற இருவரும் சிரித்தார்களாம். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அங்கிருந்து நேராக என்னிடம்தான் வந்தார். சகாயநாதனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“உங்களுக்கு இங்கிலீஷ் நல்லாப் படிக்கத் தெரியும்தானே பாய்?” என்று மட்டும் கேட்டார்.