முகம் கேட்ட பதிப்பாளர்

தவளையக்கா வீட்டுக்காரரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குத் தவளையின் வயிற்றைக் கிழித்துக் காட்டும் படங்களை வருடக்கணக்காக வரைந்து வாங்கிய பெயர் அது. வீட்டுக்காரருக்கு வெறும் ‘தவளை’தான்.

அவளிடம் ஒரு பெரிய வேலை வந்திருந்தது. போர் நடந்த ஊரில் தங்கி ஒரு நிருபர் எழுதி, ஒரு தலைமுறையையே உலுக்கிய புத்தகம். அதைத் துணி அட்டை, பொன்னெழுத்து, தனிப்பெட்டி என்று சேகரிப்பவர்களுக்காகப் புதிதாகக் கொண்டுவருகிறார் பதிப்பாளர். வண்ணப்படங்கள் எல்லாம் அக்காவுடையவை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் படத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. அந்தத் தாய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“முகம் எங்கக்கா? இதுதான் பெட்டி மேல வரணும். காசு குடுக்கறவன் முதுகையா பாப்பான்?” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பதிப்பாளர்.

“புத்தகத்தைப் படிச்சீங்களா தம்பி?”

“போடறதே நான்தானே!”

“அதான் கேக்கறா,” என்றது உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல்.

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “என் முகத்தைப் படம் எடுக்காதீங்கன்னு அந்தம்மா கேட்டுக்கிட்டாங்க. நிருபரும் கேமராவைப் பையில போட்டுட்டார். புத்தகத்துலயே இருக்கு.”

“எடுக்காதீங்கன்னுதானே சொன்னாங்க? வரையாதீங்கன்னு சொல்லலையே!”

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் முதலில் முகத்தை வரைந்தவள்தான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே வரைந்தாள், நன்றாகவும் வந்தது. காய்வதற்குள் கிழித்துப் போட்டாள்.

“முதுகுதான். மாத்த மாட்டேன்.”

“அப்ப இந்த ஒண்ணை மட்டும் வேற ஆளை வச்சு வரைஞ்சுக்கறேன். மத்ததுக்குப் பேசினபடி குடுத்துடறேன்.”

வீட்டுக்காரர் வாசற்படிக்கு வந்தார். “சமையலறை ஒழுகுது, ஞாபகம் வச்சுக்கோ. நாய் வித்த காசு குரைக்காது, தவளை.”

“அதை நாய்கிட்ட கேளுங்க.”

மேசைக்குப் போய், பரப்பிக் கிடந்த படங்களை மெல்லிய தாள் வைத்து வைத்து அடுக்கினாள். எரிந்த ரொட்டிக்கடை, தண்ணீருக்கு நின்ற வரிசை, கூரையில்லாத பள்ளிக்கூடம். எல்லாவற்றுக்கும் மேல் அந்த முதுகு.

பதிப்பாளர் எழுந்துவிட்டார். “எல்லாத்தையுமா? அச்சகத்துல மெஷின் காத்துக்கிட்டிருக்கு! யாரோ ஒருத்தி, உயிரோட இருக்காளோ இல்லையோ... உங்களுக்கு என்னக்கா வந்துச்சு?”

அக்கா படக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.