ஊதா விளக்கில் அக்கா

எண்பதுகளின் தொடக்கத்தில், கடற்கரையை ஒட்டிய தெருவில் இருந்த ஓர் ஓவியக் கூடத்தில் எனக்கு வேலை. கதவு திறப்பது, படங்களில் தூசி தட்டுவது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. பெரிய உத்தியோகம்தான் போங்கள்.

பிரான்சிலிருந்து ஊர் திரும்பிய ஓவியர் ஒருவர், இருட்டில் மின்னும் சாயங்களால் ஆட்களைப் பார்த்து வரையும் மாலை நேர நிகழ்ச்சி ஒன்றை அங்கே நடத்தினார். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. மேலே ஊதா நிற டியூப் லைட். வீடு திரும்ப நேரமாகும் என்று அம்மா எனக்குத் துணையாக அக்காவை அனுப்பியிருந்தாள். அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்ததிலிருந்து வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி. அம்மாவின் சட்டம் அது. மாமா இருந்தபோது அக்கா காலணா அகலத்துக்குப் பொட்டு வைப்பாள். அது இல்லாத முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மா மேல்தான் ஆத்திரம் வரும்.

வரைவதற்காக உட்கார வேண்டிய பெண் வரவில்லை. ஓவியர் ஊதா விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஓரமாக நின்ற அக்காவின் புடவை, சோப்புப் பவுடரில் அலசியதாலோ என்னவோ, பளீரென்று எரிந்தது. முகமும் கையும் இருட்டோடு போய்விட்டன. தலையில்லாத புடவை ஒன்று சுவரோரம் நிற்கிறது! வந்திருந்த ஒரு வெள்ளைக்கார மதாம் வீலென்று கத்தினார்.

"இவங்கதான் வேணும்" என்று ஓவியர் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தார். முகம் எங்கே இருக்கிறது என்று வரைய வந்தவர்களுக்குத் தெரிய ஓர் அடையாளம் வேண்டுமாம். உட்காருகிற எல்லோருக்கும் அப்படித்தானாம். என்ன செய்யப்போகிறார் என்று அவள் யோசிப்பதற்குள், ஆரஞ்சுச் சாயத்தை விரலால் தொட்டு இரு புருவத்துக்கும் நடுவில் வைத்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா எழுந்து ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. அந்தரத்தில் ஒரு பொட்டு, அதன் கீழே ஒரு புடவை. சுற்றி உட்கார்ந்தவர்கள் அதையே பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். அக்காவை அத்தனை பேர் நேருக்கு நேர் பார்த்து அன்றுதான் பார்த்தேன்.

முடிந்ததும் படங்களைக் காட்டினார்கள். எல்லாம் பேய்தான். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நல்லாத்தான்டி இருக்கு. பொட்டு வச்ச பேயி!"

பஸ்ஸில் எங்கள் தெருக்காரி ஒருத்தி அவள் நெற்றியையே உற்றுப் பார்த்தாள். "சாயம்க்கா, போன எடத்துல ஒட்டிக்கிச்சு" என்று அக்கா முந்திக்கொண்டாள். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது முந்தானை நுனியை எச்சிலில் நனைத்தாள். துடைக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது அவள் நெற்றி, நான் யார் சொல்ல? ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் ஊரான அரியாங்குப்பத்தில் இறங்கியபோதும் நெற்றியில் அது அப்படியே இருந்தது.

"தொடைக்கலயா?" என்றேன்.

"நடடி" என்றாள்.

கதவைத் திறந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "என்னடி நெத்தில? சாயம் கீயம் ஒட்டிக்கிச்சா?" என்று அவளே வழியும் காட்டினாள். ஆமாம் என்று சொன்னால் போதும், அத்தோடு முடிந்துவிடும்.

"இல்லம்மா. பொட்டு" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, அக்கா உள்ளே போனாள்.