நாற்பது பேராகத் தூங்கியவர்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் நான் புள்ளிவிவரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கேகோட்டைப் பக்கம் காலையில் மட்டும் திறக்கும் ஓர் இலவச ஆஸ்பத்திரி. மாலையிலும் திறக்கலாமா என்று வீடு வீடாகக் கேட்டுச் சொல்வது எங்கள் பொறுப்பு.

பகலில் போனதால் அகப்பட்டவர்கள் பெண்களும் ஓய்வுபெற்றவர்களும்தான். வேலைக்குப் போகும் இளைய ஆண்கள் அபூர்வம். அகப்பட்ட சிலருக்குக் கூடுதல் எடை கொடுத்து, அதாவது ஒருவர் பதிலைப் பலர் பதிலாக எண்ணி, இதைச் சரிக்கட்டும் வித்தைக்கு ரேக்கிங் என்று பெயர். மென்பொருள் வயது விகிதத்தை ஊரின் நிஜக் கணக்கோடு பொருத்தும், படிப்பு விகிதம் கோணும். படிப்பை நிமிர்த்தும், வயது கோணும். இப்படியே அலைபோலப் போய்வந்து ஒரு கட்டத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஜன்னலில் மழை வழிய, திரையில் வரிகள் ஊர, நானே ஒரு ஊரைக் கனவு கண்டு உண்டாக்குவதுபோல மிதந்துகொண்டிருந்தேன். எடைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்பது மட்டும் அந்தக் கனவில் வரவில்லை.

எடை போடும்வரை லேசாக முந்தியிருந்த 'வேண்டும்' தோற்றது, 'வேண்டாம்' ஜெயித்தது. மறுநாள் அறிக்கை போக வேண்டும். பெருமையாக எடைகளை வரிசைப்படுத்தினேன். உச்சியில் ஒருவர், தனியாளாக நாற்பது பேர். கேள்வித்தாளோடு அந்த வீட்டுக்குப் போய்வந்த, வலியசாலையிலிருந்து வேலைக்கு வரும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இவரா சார்? நைட் டூட்டி வாட்ச்மேனாக்கும். தூங்கிண்டிருந்தவரை நான்தான் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே எல்லாத்துக்கும் வேண்டாம்னுட்டார்."

அன்று மாலையே இருவரும் போனோம். அவர் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நாகர்கோவில்காரர்.

"வேண்டாம்னா சொன்னேன்? பிள்ளைக்கு இழுப்பு சாரே. இவ கடை வேலை முடிஞ்சு வாறதுக்குள்ள ஆஸ்பத்திரிய பூட்டிருவானுவ."

அவர் பதில் நாற்பது பேர் பதிலாகக் கணக்கான விஷயத்தை விளக்கினேன். பிள்ளையைத் தோளில் போட்டிருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. "வீட்டுல ஒரு ஆளா நிக்கதுக்கே நேரமில்ல. இவரு நாப்பது பேரா?"

மறுநாள் இயக்குநரிடம் தவறு என்னுடையது என்று சொல்லி அறிக்கையை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் வீட்டிலிருக்கும் நேரமாகப் பார்த்து மீண்டும் போனோம். எடைக்கும் கடிவாளம் போட்டேன். இந்த முறை 'வேண்டும்' தெளிவாகவே முந்தியது. சில மாதங்களில் வாரத்துக்கு மூன்று மாலை ஆஸ்பத்திரி திறந்தது.

இன்றும் 'மக்கள் கருத்து' என்று எங்காவது படித்தால், கேட்ட நேரத்தில் அந்த மக்கள் விழித்திருந்தார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.