எனக்காகச் சொல்லப்பட்ட பதில்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கல்முனையில் என் உம்மா கட்டித் தந்த வீட்டுக்குத்தான் என் கணவர் மாப்பிள்ளையாக வந்தார். கூரையில் ஓர் ஓடு மாற்றுவதென்றாலும் என்னைக் கேட்பார். “உன்ட வீடு புள்ள, நீதான் சொல்லணும்” என்பார். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் இடது மார்பில் புற்றுநோய் கண்டது. கொழும்பில் மார்பை அகற்றிக் கதிர்ச் சிகிச்சையும் அளித்தார்கள். மறு ஆண்டு பரிசோதனைக்குப் போனபோது, சத்திரசிகிச்சை வைத்தியர் ஆங்கிலத்தில், கணவரைப் பார்த்தே விளக்கினார். மார்பை மீண்டும் அமைக்கலாம். தோலுக்கடியில் சிலிக்கன் பை வைப்பது ஒரு வழி. கதிர் பட்டு இறுகிய தோல் அதைத் தாங்காமல் போகலாம். முதுகின் தசையையும் தோலையும் முன்னே திருப்பி வைத்துத் தைப்பது மற்றது. முதுகில் நீண்ட தழும்பு விழும், தோளில் பலம் சற்றுக் குறையும். இரண்டும் வேண்டாமென்றாலும் உயிருக்குக் கேடில்லை.

நான் ஆங்கிலம் வாசிப்பவள் என்பது வைத்தியருக்குத் தெரியாது, கணவருக்குத் தெரியும்; பேசினாலும் எனக்கு விளங்குமென்று அவர் எண்ணவில்லை. முதுகுதான் என்று தீர்மானித்து நான் வாய் திறப்பதற்குள் அவர் பதில் சொல்லி எழுந்துவிட்டார்: மூன்று பிள்ளைகள் பெற்றாயிற்று, இனி எதற்கு? வைத்தியர் அடுத்தவரை அழைத்தார்.

வெளியே வந்து, ஒன்றும் விளங்காதவள்போல் “என்னவாம்?” என்று கேட்டேன்.

“காயம் நல்லா ஆறிட்டாம். ஊருக்குப் போகலாமாம்.”

இலவம் பஞ்சில் ஒரு பை தைத்து உள்ளே வைத்துக்கொண்டேன். தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்து நெற்றியை நிலத்தில் வைத்தால் அது கழுத்துக்கு ஏறிவிடும். பாரத்துக்காகப் பயறு சேர்த்துத் தைத்தேன். வியர்வையில் அது முளைவிட்டது. தனியாகவேனும் கொழும்புக்குப் போவதென்று நான் துணிந்தபோது, நாட்டு நிலைமையால் பாதைகள் அடைபட்டுக் கிடந்தன.

சில ஆண்டுகளின் பின், மருதமுனையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கணவருக்கு முன்பற்கள் இரண்டு போயின. பாதை திறந்த முதல் வாரமே கொழும்புக்குப் போய்ப் பல் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிமுன் நின்று, “எப்பிடிகா இருக்கு? கட்டின பல்லு எண்டு தெரியுதா?” என்றார்.

“நல்லாத்தான் இருக்கு. மூணு புள்ள பெத்தாச்சே, இனி எதுக்கு?”

அவர் சிரித்தார். “பல்லுக்கும் புள்ளைக்கும் என்னகா சம்பந்தம்?”

மறந்தேபோயிருந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“மாரிக்கு முதல் ரெண்டு ஓடு மாத்தணும். நீ என்ன சொல்றாய்?”