என்னைப் பற்றித் திலகவதியிடம் கேளுங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை. பாதி ஷேவிங்கில் இருக்கிறேன். போன் அடிக்கிறது. தெரியாத நம்பர்.

“சார், பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனுக்காகக் கூப்பிடறோம். ஏகாம்பரம்னு ஒருத்தர் உங்க கம்பெனியில வேலை பார்த்தாரா?”

நுரையைத் துடைத்தேன். தொண்டையைச் செருமி ஆபீஸ் குரலுக்கு மாறினேன். “பார்த்தார். ஒன்பது வருஷம். பிரஸ் ஷாப்.”

“ஆள் எப்படி சார்?”

“தங்கமான மனுஷன். சொல்லாம லீவு போட மாட்டார். பிள்ளைப்பாக்கத்துல கொஞ்சம் நிலம் இருக்கு... அறுப்பு சமயத்துல மட்டும் ரெண்டு நாள் கேட்பார். குடுத்துடுங்க.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் மறு கன்னத்துக்குப் போனேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. மூடி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஆனாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை இப்படி போன் வந்துவிடும்.

என் சர்க்கரை அளவு முதல் மச்சினன் கல்யாணத்தில் நடந்த சண்டை வரை எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தில் உங்களிடம் கொட்டியிருக்கிறேன். எனக்கு வேலை போன கதையை மட்டும் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன?

ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி அது. நான் அங்கே ஹெச்.ஆர். ஆர்டர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. ஆலையை மூடுவதாக முடிவு செய்த பெரியவர்கள் யாரும் ஆலைப் பக்கம் வரவில்லை. மெயில் மட்டும் வந்தது — எல்லோருக்கும் லெட்டர் கொடுத்துவிடவும். கொடுக்க வேண்டியவன் யார்? அடியேன்தான்.

கேன்டீனில் ஒரு டேபிள் போட்டு மூன்று நாள் கொடுத்தேன். ஒவ்வொருவராக வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். ஏகாம்பரம் லெட்டரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இன்னிக்கி மதியம் சாப்பாடு உண்டா சார்?” என்று மட்டும் கேட்டார். இன்ஸ்பெக்ஷன் லைனில் இருந்த திலகவதி பேனாவைக் கையில் எடுக்கவே இல்லை. “இதுல கையெழுத்துப் போட்டா நானே ஒத்துக்கினு போறேன்னு ஆயிடுமா சார்?” என்றார். இல்லை, வாங்கிக்கொண்டதற்கு மட்டும்தான் கையெழுத்து என்று விளக்கிச் சொன்னேன். வல்லக்கோட்டையிலிருந்து பன்னிரண்டு வருஷமாக வந்துபோனவர். ஒரு நாள் லேட் கிடையாது.

அடுத்த மாதம் எனக்கு லெட்டர் வந்தது. மெயிலில். எதிரில் உட்கார்ந்து கொடுக்க எனக்கு ஒரு ஹெச்.ஆர். இல்லை.

நடுவில் ஒரு தப்பு செய்திருந்தேன். எல்லோருக்கும் அனுபவச் சான்றிதழ் கொடுத்தேன் அல்லவா? அதில் விசாரிக்க வேண்டிய நம்பர் என்று கம்பெனியின் லேண்ட்லைன் நம்பரைத்தான் போட வேண்டும். மூடப்போகிற கம்பெனியின் போனை யார் எடுப்பார்கள்? என் சொந்த மொபைல் நம்பரைப் போட்டுவிட்டேன். ஹெச்.ஆர். பாடத்தில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

விளைவு? எனக்கே வேலை இல்லாமல், லுங்கியோடு வீட்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நற்சான்று கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தால் என் மனைவி மிக்ஸியை நிறுத்திவிடுவாள். “கம்பெனி போன்!” என்று பையனையும் அடக்குவாள். நான் எழுந்து நின்று பேசுவேன். எதற்கு எழுந்து நின்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

என்னை யார் கூப்பிட்டார்கள்? அதைக் கேட்காதீர்கள். நாங்கள் ஆபீஸ் ஆட்கள் தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். தினமும் குட்மார்னிங், பூங்கொத்து, தத்துவம்... கம்பெனி மூடிய ஒரே வாரத்தில் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் நானும் ஒரு பூங்கொத்தும் மிச்சம். எனக்கு மேலே இருந்த இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை. அதில் ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி பரிமாறியவன் நான்!

ஐந்து மாதம் போனது. ஒரு நாள் இன்டர்வியூ ஒன்றில் சொதப்பிவிட்டு ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். புது யூனிஃபார்மில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார். திலகவதி.

“இன்னா சார், இப்டி எளச்சிட்டீங்க?”

“நல்லா இருக்கியாம்மா?”

“ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை கெடச்சிருச்சி சார். நீங்க போன்ல நல்லபடியா சொன்னீங்களாமே, மேடம் சொன்னாங்க. உங்களுக்கு எந்த கம்பெனி?”

“பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“எத்தினி மாசமா?”

சொன்னேன். அதற்குள் அவருடைய கம்பெனி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் என் போனில் ஒரு செய்தி. என்னை ‘மூணாம் நம்பர் பஸ்’ என்ற குரூப்பில் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் குரூப்பைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். வாலாஜாபாத்திலிருந்து வல்லக்கோட்டை வழியாக வரும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வந்தவர்களின் குரூப். நான் காரில் போன ஆள், எனக்கு அதில் இடமில்லை. அதற்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள், ஸ்ட்ரைக்குக்குத் திட்டம் போடுகிறார்களா, என்னைத் திட்டுகிறார்களா என்று தெரிந்துகொள்ள எத்தனை வருஷம் தவித்திருப்பேன்! இப்போது உள்ளே போய் ஆசையாகப் பழைய செய்திகளைத் தேடினேன். ஊஹூம்... புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பழையது காட்டாதாம். திலகவதியிடம் பிறகு விசாரித்ததில், “பஸ்சு எங்க வருதுன்னு கேட்டுக்கினு இருப்போம் சார், வேற இன்னா?” என்றார்.

அந்தக் குரூப்பிலிருந்து ஒருவர்கூட வெளியேறியிருக்கவில்லை. பஸ் நின்றுபோய் மாதக்கணக்காகிவிட்டது... குரூப் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வந்ததும் ஒருவர் வெளியேறினார். “லெட்டர் குடுத்தவனை எதுக்கு உள்ள இழுக்கிறீங்க?” என்று எழுதிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய லெட்டரும் என் கையால் கொடுத்ததுதான். நானே போய்விடலாமா என்று விரலை வைத்தேன். அப்போது ஏகாம்பரத்திடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். “அவரும் இப்ப நம்மளாட்டம் ஸ்டாப்பிங்லதாம்ப்பா நின்னுகினு கீறாரு. இருந்துட்டுப் போவட்டும், வுடு.”

அழாத குறை எனக்கு.

அங்கே என்ன நடக்கும் என்கிறீர்களா? பெரிய ஆறுதல் வார்த்தையெல்லாம் கிடையாது. “எட்டாம் நம்பர் சேஃப்டி ஷூ யார்கிட்ட கீது?” என்று ஒருவர் கேட்பார் — இன்டர்வியூவில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னால் ஷூ நம்முடையதாக இருக்க வேண்டும். அரை மணியில் ஷூ அவர் வீட்டு வாசலுக்குப் போய்விடும். பைக் இருப்பவர் பைக் இல்லாதவரை இன்டர்வியூவுக்கு ஏற்றிப்போவார். திலகவதி நைட் ஷிஃப்ட் போனால் அவர் குழந்தை பக்கத்துத் தெருவில், எங்கள் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர் வீட்டில் தூங்கும். வேலை கிடைத்தவர் முதல் வேலையாக அங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து எழுதுவார். பத்து வருஷம் டீம் பில்டிங் என்று பலூன் ஊதி விளையாட்டு நடத்தியவன் நான். இதில் ஒன்றுகூட அந்த விளையாட்டில் கிடையாது.

அந்தப் பெயிண்ட் ஷாப்காரர்தான் ஒரு நாள் எழுதினார் — வாலாஜாபாத் பக்கம் அவர் சேர்ந்திருக்கும் சின்ன யூனிட்டில் ஹெச்.ஆர். வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். போனேன். இதுவும் போனால் குடும்பத்தோடு மாமனார் ஊருக்கு மூட்டை கட்டுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். பையன் ஸ்கூலில் டி.சி. வாங்க லெட்டர்கூட எழுதி வைத்தாயிற்று.

இன்டர்வியூ ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் ஒரு ஃபாரம். ‘உங்களோடு பணியாற்றிய ஒருவரின் பெயர், தொலைபேசி எண்.’ ஊருக்கெல்லாம் சான்று கொடுத்தவன் பேனாவோடு முழித்தேன். மேலே இருந்தவர்கள் போனை எடுக்க மாட்டார்கள். யார் பெயரைப் போடுவது? போட்டேன் — திலகவதி.

மேனேஜர் படித்துப் பார்த்தார். “இவங்க என்ன போஸ்ட்?”

“ஆபரேட்டர் சார். இன்ஸ்பெக்ஷன் லைன்.”

“உங்களுக்கு மேல இருந்தவங்க யாரும் இல்லையா?”

“இருக்காங்க சார். போனை எடுக்க மாட்டாங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அங்கேயே டயல் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. ம்ஹூம்.

எடுக்க மாட்டார். எனக்குத் தெரியும். லைனுக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாக் கம்பெனியிலும் இதே விதிதான். எங்கள் பழைய கம்பெனியில் இதைக் கொண்டுவந்து சர்க்குலர் ஒட்டிய புண்ணியவான் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

“பன்னிரண்டரைக்கு லஞ்ச் சார். அப்ப பார்த்துட்டுக் கூப்பிடுவாங்க” என்றேன். அப்போது மணி பத்தரை. வெளியே உட்காரச் சொன்னார். இரண்டு மணி நேரம் ரிசப்ஷனில் இருந்தேன். திலகவதி என்ன சொல்வார்? என்னைத் திட்ட அவருக்கு உரிமை இல்லையா? நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நல்லதாக எதுவும் தோன்றவில்லை.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு என்னை உள்ளே கூப்பிட்டார் மேனேஜர். போன் ஸ்பீக்கரில் இருந்தது. கேன்டீன் தட்டுச் சத்தம் கேட்டது. அவர் விஷயத்தைச் சொன்னார்.

“அவரா? எனக்கு வேலை போச்சுன்னு லெட்டர் குடுத்ததே அவருதான் சார்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

“சரிம்மா... ஆள் எப்படி?”

“லெட்டரு இங்கிலீஷ்ல இருந்திச்சி சார். செக்யூரிட்டி கிட்ட குடுத்தனுப்பி இருக்கலாம். எங்க அக்கா கம்பெனியில அப்டித்தான் செஞ்சாங்க. இவரு எதிர்ல குந்திக்கினு ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னாரு. எனக்குப் புரியிற வரைக்கும் எழுந்துக்கல. அதுக்கப்புறம் இன்னிக்கி வரைக்கும் எங்க எல்லாருக்கும் போனை எடுத்துப் பேசுறாரு.”

“குறைன்னு ஏதாச்சும்?”

“கீது சார். எது கேட்டாலும் மேனேஜ்மென்ட் பார்த்துக்கினு கீதும்பாரு. பன்னெண்டு வருசம் பார்த்துக்கினே இருந்தாங்க, லைனுக்கு ஃபேனு மட்டும் வரல.”

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். “முதல்ல நம்ம லைன்ல ஃபேன் இருக்கான்னு பாருங்க” என்றும் சொன்னார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. அதனால் என்ன? வீட்டுக்கு வந்து அந்த டி.சி. லெட்டரைக் கிழித்துப் போட்டேன்.

கஷ்டம் வந்தால் உதவி மேலே இருந்துதான் இறங்கும் என்று நினைத்து ஐந்து மாதம் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் கை கொடுத்தவர்கள் பக்கத்திலேயே ஷூ மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் திலகவதிக்கு போன் செய்தேன். நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

“அட வுடுங்க சார். நான் ஒண்ணும் பொய் சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் மறைச்சேன்.”

“என்னம்மா?”

“லெட்டரு குடுத்த மூணு நாளும் நீங்க பாத்ரூம்ல போய் அழுதீங்களாமே... ஹவுஸ்கீப்பிங் அக்கா எங்க எல்லாருக்கும் சொல்லிச்சி. அதைச் சொன்னா ஹெச்.ஆர். வேலை குடுக்க மாட்டாங்கல்ல?”

குழாயை முழுசாகத் திறந்து விட்டுவிட்டுத்தான் அழுதேன்... அப்படியும் கேட்டிருக்கிறது!